தோட்ட இதழுக்குச் செய்முறைக் கட்டுரை: படம் எவ்வளவு, எழுத்து எவ்வளவு?

மாடித்தோட்டம் போடுகிறவர்களில் பலரிடம் அருமையான செய்முறைகள் இருக்கின்றன. அதை ஒரு தோட்ட இதழுக்கு எழுதி அனுப்பலாம் என்று உட்காரும்போதுதான் திணறல் ஆரம்பிக்கிறது. சிலர் முப்பது படம் எடுத்து வைத்திருப்பார்கள், எழுத்து அரைப் பக்கம்கூட இருக்காது. சிலர் பத்து பக்கம் எழுதி, செடியோடு தாங்கள் நிற்கும் ஒரு படத்தை மட்டும் இணைத்திருப்பார்கள். இரண்டுமே அச்சேறாது. ஏன் என்று உட்கார்ந்து விளக்க ஆசிரியருக்கு நேரமும் இருக்காது. எனக்கும் யாரும் முழுதாகச் சொல்லித் தரவில்லை. ஆசிரியர், வடிவமைப்பாளர், அச்சகத்துக்காரர் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக் கேட்டுச் சேர்த்ததைத்தான் இங்கே வரிசைப்படுத்தியிருக்கிறேன்.

பேச ஒரு செய்முறை வேண்டும் என்பதால் விண்பதியத்தை எடுத்துக்கொள்கிறேன். மாதுளை, எலுமிச்சை, கொய்யா போன்றவற்றில் கிளையை வெட்டாமல் மரத்திலேயே வேர் விடவைக்கும் முறை. பென்சில் தடிமனுள்ள கிளையில் வளையமாகப் பட்டையை நீக்கி, ஈரமான பாசியையோ தென்னை நார்த்தூளையோ வைத்து, பாலிதீன் தாளால் கட்டிவிட்டுக் காத்திருப்போம். படத்துக்கும் எழுத்துக்கும் உள்ள எல்லாச் சிக்கலும் இந்த ஒரு வேலையில் வந்துவிடும்.

1. முதலில் இதழை அளந்து பாருங்கள்

எழுத விரும்பும் இதழின் கடைசி மூன்று பிரதிகளை வாங்குங்கள். அதில் வந்த செய்முறைக் கட்டுரைகளை மட்டும் எடுத்து, எத்தனை பக்கம், எத்தனை படம், பக்கத்துக்கு எத்தனை நெடுவரிசை, அந்தப் பக்கங்கள் வண்ணமா கறுப்பு வெள்ளையா என்று குறித்துக்கொள்ளுங்கள். படமே இல்லாத ஒரு பக்கத்தில் எத்தனை சொல் இருக்கிறது என்று எண்ணுங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் இதைச் செய்தால் மற்றதெல்லாம் எளிதாகிவிடும்.

இரண்டு பக்கம் கிடைக்கிறது, படமில்லாத பக்கத்தில் 400 சொல் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்த இடம் 800 சொல். தலைப்பும் முகப்புப் படமும் முக்கால் பக்கத்தை எடுத்துக்கொண்டால் மிச்சம் 500. ஒரு நெடுவரிசை அகலத்தில் ஐந்து சிறு படம் போட்டு, ஒவ்வொன்றும் குறிப்போடு சேர்த்து 50 சொல்லின் இடத்தை அடைத்தால், எழுத்துக்கு இருப்பது வெறும் 250 சொல். ஒரு படத்தைச் சேர்க்கும்போது இத்தனை சொல்லை விட்டுக்கொடுக்கிறோம் என்ற கணக்கு உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அப்போதுதான் ஆறாவது படம் உண்மையிலேயே தேவையா என்று கேட்கத் தோன்றும்.

அளந்த பிறகு ஆசிரியருக்கு ஒரு சிறு கடிதம் எழுதுங்கள். என்ன செய்முறை, எத்தனை படி, எத்தனை படம் தர முடியும் என்பது நான்கைந்து வரியில் இருந்தால் போதும். கூடவே மூன்று கேள்விகள்: எத்தனை பக்கம் ஒதுக்குவீர்கள், வண்ணப் பக்கமா, எந்த மாத இதழுக்கு எந்தத் தேதிக்குள் வேண்டும். பதில் வரும் முன் முழுக் கட்டுரையையும் எழுதிவிடாதீர்கள். நான்கு பக்கத்துக்கு எழுதியதை இரண்டு பக்கத்துக்குச் சுருக்குவது, புதிதாக எழுதுவதைவிடக் கடினம்.

2. எந்தப் படிக்குப் படம், எந்தப் படிக்கு எழுத்து

இதுதான் மையமான வேலை. கேமராவைத் தொடும் முன்பே காகிதத்தில் செய்ய வேண்டியது. பலரும் எல்லாப் படிக்கும் ஒரு படம், ஒவ்வொரு படத்துக்கும் ஒரு பத்தி என்று சமமாகப் பிரித்துவிடுகிறார்கள். அங்கேதான் கட்டுரை கெடுகிறது. சில படிகளை எழுத்தால் எவ்வளவு முயன்றாலும் சொல்ல முடியாது. சில படிகளில் படம் எடுத்தாலும் ஒன்றும் தெரியாது.

ஒரு தாளை இரண்டாக மடித்து, ஒரு பக்கம் படம், மறுபக்கம் எழுத்து என்று தலைப்பிடுங்கள். பொருளின் வடிவம், கை இருக்கும் இடம், கத்தி போகும் திசை, முடிச்சு விழும் விதம் எல்லாம் படத்தின் பக்கம் போக வேண்டும். அளவு, நேரம், ஈரம், மணம், கைக்குத் தெரியும் உணர்வு, காரணம், தவறினால் என்ன ஆகும் என்பதெல்லாம் எழுத்தின் பக்கம்.

விண்பதியத்தில் பார்ப்போம். கிளையைத் தேர்ந்தெடுப்பதற்குப் படம் வேண்டும், ஆனால் பக்கத்தில் ஒரு பென்சிலை வைத்து எடுத்த படமாக இருக்க வேண்டும். வெறும் கிளையின் படத்தில் தடிமன் தெரியாது. மேலும் கீழும் இரண்டு வளைய வெட்டு போடுவதற்குப் படம் அவசியம். இரண்டுக்கும் நடுவே சுமார் 3 செ.மீ. இருக்க வேண்டும் என்பதை எழுத்து சொல்லும். ஒரு ஸ்கேலை ஒட்டி வைத்தால் படமும் சொல்லும்.

அடுத்த படிதான் விண்பதியத்தின் உயிர். பட்டையை உரித்ததும் உள்ளே மரத்தின்மேல் மெல்லிய வழுவழுப்பான படலம் இருக்கும். அதைக் கத்தியின் முதுகால் சுரண்டி எடுக்காவிட்டால் பட்டை மறுபடி வளர்ந்து வெட்டு மூடிக்கொள்ளும், வேர் வராது. புதியவர்கள் தோற்பது பெரும்பாலும் இங்கேதான். இதற்கு எவ்வளவு அருகில் போய்ப் படம் எடுத்தாலும், சுரண்டியதும் சுரண்டாததும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் தெரியும். ‘விரலால் தடவினால் வழுக்கக் கூடாது, சொரசொரப்பாக இருக்க வேண்டும்’ என்ற ஒரு வரி நான்கு படத்தின் வேலையைச் செய்யும். ஆகவே இந்தப் படிக்கு எழுத்தை அதிகமாகக் கொடுங்கள். கத்தியை எப்படிப் பிடிப்பது என்பதற்கு மட்டும் ஒரு படம் போதும்.

நார்த்தூளின் ஈரமும் அப்படித்தான். உள்ளங்கையில் நார்த்தூள் இருக்கும் படத்தைப் பார்த்து ஈரத்தை யாரும் கண்டுபிடிக்க முடியாது. ‘இறுக்கிப் பிழிந்தால் சொட்டுத் தண்ணீர் விழக் கூடாது, கையை விரித்தால் உருண்டை உதிரக் கூடாது’ என்று எழுதிவிட்டு அந்தப் படத்தைத் தவிருங்கள்.

பாலிதீன் சுற்றுவதும் கட்டுவதும் நேர் எதிர். அதை விவரித்து எழுதினால் ஒரு பத்தி போய்விடும், வாசகருக்கும் புரியாது. இரண்டு படம் போடுங்கள்: தாளைச் சுற்றும்போது ஒன்று, மேல் முனையைக் கட்டி முடித்தபின் ஒன்று. எழுத்தில் ‘மழைத்தண்ணீர் உள்ளே இறங்காதபடி மேல் கட்டு இறுக்கமாக இருக்கட்டும்’ என்று மட்டும் சொன்னால் போதும்.

வேர் எங்கே வரும்? மேல் வெட்டின் விளிம்பில். இலையில் உண்டாகும் உணவு பட்டை வழியாகக் கீழே இறங்கி வந்து, பட்டை அறுபட்ட இடத்தில் தேங்குவதால் அங்கே வேர் கிளம்புகிறது. வேர் ஊக்கி மருந்தை மேல் வெட்டில் தடவச் சொல்வதும் இதனால்தான். காரணத்தைப் படம் காட்டாது. இரண்டு வரி ஒதுக்கிவிடுங்கள். காரணம் தெரிந்த வாசகர் மருந்தைக் கீழ் வெட்டில் தடவ மாட்டார்.

தாளை முடித்ததும் ஒரு சோதனை. எழுத்துப் பக்கத்தை மறைத்துக்கொண்டு படங்களின் பட்டியலை மட்டும் பாருங்கள்: வேலையின் ஓட்டம் தெரிகிறதா? பிறகு படங்களை மறைத்து எழுத்தை மட்டும் படியுங்கள்: எங்கேயாவது ‘படத்தில் உள்ளதுபோல்’ என்று தப்பித்துக்கொண்டிருக்கிறீர்களா? இரண்டிலும் ஒரே செய்தி வரும் இடத்தில் ஒன்றை எடுத்துவிடலாம். சரி, எதை எடுப்பது? அளவு சொல்வது எழுத்தென்றால் எழுத்தை வைத்துக்கொள்ளுங்கள். வடிவம் சொல்வது படமென்றால் படத்தை.

3. நாட்காட்டியைப் பார்த்துத் தொடங்குங்கள்

விண்பதியம் மழைக்கால வேலை. காற்றில் ஈரம் இருக்கும்போதுதான் நன்றாக வரும். வேர் கண்ணுக்குத் தெரிய ஒன்றிலிருந்து மூன்று மாதம் ஆகலாம், மரத்தைப் பொறுத்தது. ஐப்பசியில் செய்யும் வேலையைப் பற்றிய கட்டுரை அக்டோபர் இதழில் வர வேண்டுமென்றால், மாத இதழ்கள் அதை ஆகஸ்டிலோ அதற்கு முன்போ கேட்கும். அப்போது உங்களிடம் வேர் விட்ட படம் இருக்க வேண்டும். ஆகவே இந்த மழைக்காலத்தில் எடுக்கும் படம் அடுத்த மழைக்காலத்து இதழுக்கு. காய்கறி விதைப்பு, ரோஜா கவாத்து, எதுவானாலும் இதே கணக்குதான். பருவம் தவறி வரும் செய்முறையை எந்த ஆசிரியரும் விரும்ப மாட்டார்.

ஒரே கிளையை நம்பி இருக்காதீர்கள். ஒரே நாளில் நான்கு கிளையில் பதியம் போடுங்கள். ஒன்று அழுகலாம், ஒன்றில் எறும்பு புகலாம். படத்துக்காக ஒன்றைப் பாதியில் பிரித்துக் காட்டவும் வேண்டியிருக்கும்.

ஒரு வேலையைப் பல நாளில் எடுக்கும்போது சட்டை, பின்னணி, கத்தி ஆகியவை மாறாமல் இருக்கட்டும். முதல் படத்தில் நீலக் கைப்பிடிக் கத்தி, மூன்றாம் படத்தில் சிவப்புக் கைப்பிடி என்றால், வேறு கருவிக்கு மாற வேண்டுமோ என்று வாசகர் குழம்புவார்.

4. படம் எடுக்கும்போது

இதற்குப் பெரிய கேமரா வேண்டாம். 12 மெகாபிக்சல் கைப்பேசிப் படத்தில் 4000 × 3000 பிக்சல் இருக்கும். அச்சுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல் என்று கணக்கிட்டால், அது சுமார் 13 அங்குல அகலம் வரை தாங்கும். முழு ஏ4 பக்கத்துக்கே 2480 × 3508 பிக்சல்தான் தேவை. 6 செ.மீ. அகலமுள்ள ஒரு நெடுவரிசைப் படத்துக்கு 710 பிக்சல் போதும். ஆனால் இந்தக் கணக்கெல்லாம் ஜூம் செய்யாமல் எடுத்தால்தான் செல்லும். விரலால் இழுத்துப் பெரிதாக்கி எடுக்காதீர்கள், அருகில் போய் எடுங்கள்.

செலவு என்று பார்த்தால் கைப்பேசி மாட்டும் ஒரு முக்காலி, வெளிச்சத்தைத் திருப்பிவிட ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டை, பின்னால் கட்ட ஒரே நிறத்தில் ஒரு பழைய துணி. ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும். இரண்டு கையும் வேலையில் இருக்கும் என்பதால் முக்காலி இல்லாமல் முடியாது. வேண்டுமானால் வீட்டில் யாரையாவது எடுக்கச் சொல்லுங்கள், ஆனால் அதற்கு ஒரு கடிதம் தேவைப்படும். ஏழாவது பகுதியில் சொல்கிறேன்.

வெயில் ஏறும் முன் காலையிலோ, நிழலிலோ எடுங்கள். உச்சி வெயிலில் பட்டையின் ஒரு பக்கம் வெளுத்து, மறுபக்கம் கறுத்துப்போகும். மலிவான தாளில் மை ஊறிப் பரவுவதால், திரையில் கொஞ்சம் இருட்டாகத் தெரியும் இடம் அச்சில் கறுப்புத் திட்டாகிவிடும். இளந்தளிரின் பளிச்சென்ற பச்சையும் அச்சில் மங்கும். அதற்காக வண்ணத்தைக் கூட்டி அனுப்பாதீர்கள். வடிவமைப்பாளர் அச்சகத்துக்கு ஏற்பச் சரிசெய்வார்.

கறுப்பு வெள்ளைப் பக்கம் என்றால் இன்னொரு சோதனை உண்டு. கைப்பேசியிலேயே படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். பழுத்த மிளகாயும் பச்சை இலையும் ஒரே சாம்பலாகத் தெரியலாம். பட்டை நீக்கிய இடம் தனியாகத் தெரியவில்லையென்றால் பின்னணித் துணியை மாற்றி மீண்டும் எடுங்கள்.

கோணம் மிக முக்கியம். வேலை செய்கிறவரின் தோளுக்கு மேலிருந்து எடுங்கள். எதிரில் நின்று எடுத்தால் வலக்கை இடப்பக்கம் தெரியும், வாசகர் மனதுக்குள் திருப்பிப் பார்க்க வேண்டியிருக்கும். எந்தப் படமானாலும் நான்கு பக்கமும் கொஞ்சம் வெற்றிடம் விட்டு, படுக்கையாக ஒன்றும் செங்குத்தாக ஒன்றும் எடுத்துவையுங்கள். பக்கத்தில் எந்த வடிவத்தில் இடம் கிடைக்கும் என்பது வடிவமைப்பாளருக்கே கடைசியில்தான் தெரியும்.

தவிர்க்க வேண்டியவை இன்னும் சில: பின்னணியை மங்கலாக்கும் ‘போர்ட்ரெய்ட்’ முறை கத்தி நுனியையும் சேர்த்து மங்கலாக்கிவிடும். படத்தின் மூலையில் தேதி அச்சாகக் கூடாது. படத்தின்மேல் அம்புக்குறியோ எழுத்தோ நீங்களே போடாதீர்கள். அம்பு வேண்டிய இடத்தை ஒரு நகலில் வரைந்து தனியாக அனுப்புங்கள், வடிவமைப்பாளர் இதழின் பாணியில் போட்டுக்கொள்வார். மருந்துப் புட்டியின் லேபிள் தெரிந்தால் விளம்பரமாகிவிடும், திருப்பி வையுங்கள்.

5. எழுத்தும் படக்குறிப்பும்

படிகளுக்கு எண் போட்டு எழுதுங்கள். படத்தின் எண் வேறு, படியின் எண் வேறு. எட்டுப் படிக்கு ஐந்து படம் என்றால் இரண்டும் ஒத்துப்போகாது. அதனால் படி 4-இன் முடிவில் ‘(படம் 3)’ என்று அடைப்புக்குள் குறிக்க வேண்டும். ‘கீழே உள்ள படத்தில்’, ‘வலப்பக்கப் படத்தில்’ என்று எழுதவே எழுதாதீர்கள். படம் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டால் அந்த வரி பொய்யாகிவிடும்.

படக்குறிப்பு தனிக் கலை. இதழைப் புரட்டுகிறவர் முதலில் படிப்பது தலைப்பையும் படக்குறிப்பையும்தான். ‘பட்டையை நீக்குதல்’ என்ற குறிப்பு வீண், அது படத்திலேயே தெரிகிறது. ‘இரண்டு வெட்டுக்கும் நடுவே 3 செ.மீ.; கத்தி மரத்துக்குள் இறங்கக் கூடாது’ என்பது பயனுள்ள குறிப்பு. படத்தில் தெரியாத ஒன்றை ஒவ்வொரு குறிப்பும் சொல்லட்டும், 15 சொல்லுக்குள்.

தேவையான பொருள் பட்டியலைத் தனிக் கட்டமாகக் கொடுங்கள். பொருள்களை வரிசையாகப் பரப்பி எடுத்த படம் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அரைப் பக்கம் போய்விடும். கத்தி, பாலிதீன், சணல் எல்லோருக்கும் தெரிந்தவை. அந்த இடத்தைச் சுரண்டும் படிக்குக் கொடுப்பதுதான் என் விருப்பம். வாசகர் கடையில் கேட்டு வாங்கத் திணறும் பொருள் ஏதாவது இருந்தால், அதற்கு மட்டும் படம் போடலாம்.

எழுதி முடித்ததும், பதியமே போட்டறியாத ஒருவரிடம் கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் இருங்கள், வாயைத் திறக்காதீர்கள். அவர் எங்கே தயங்கி உங்களைப் பார்க்கிறாரோ அங்கே ஒரு வரியோ ஒரு படமோ குறைகிறது.

6. கோப்புகளை அனுப்பும் முறை

எழுத்து ஒரு வேர்டு கோப்பில், யூனிகோடில். படங்களை அதற்குள் ஒட்டாதீர்கள், ஒட்டினால் தரம் குறையும். ஒவ்வொரு படமும் தனிக் கோப்பாக, எண்ணே பெயராக இருக்கட்டும்: 01, 02, 03. படக்குறிப்புகள் இன்னொரு கோப்பில், அதே எண்ணோடு. இவை தவிர, எழுத்தும் படமும் எப்படிச் சேர வேண்டும் என்று நீங்கள் நினைப்பதைக் காட்டும் ஒரு பி.டி.எஃப். அதில் படம் சிறியதாக, தரம் குறைந்ததாக இருந்தாலும் பரவாயில்லை. தமிழ் எழுத்து வேறு கணினியில் உடைந்து தெரிந்தால், சரியான வடிவம் எது என்று பார்க்கவும் அது உதவும்.

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும். அங்கேதான் அனுப்ப வேண்டும் என்றால் ‘டாகுமெண்ட்’ என்ற வழியில் அனுப்புங்கள். கூகுள் டிரைவில் ஏற்றி இணைப்பைக் கொடுப்பது இன்னும் நல்லது. இணைப்பு யாருக்கும் திறக்கும்படி இருக்கிறதா என்று வேறொரு கைப்பேசியில் சோதித்துவிடுங்கள். மூலப் படங்களை அழிக்காதீர்கள்.

7. கையெழுத்து, உரிமை, சன்மானம்

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-இன்படி படத்தின் உரிமை பொதுவாக அதை எடுத்தவருடையது. உங்கள் தோட்டம், உங்கள் கை, உங்கள் கைப்பேசி என்றாலும், எடுத்தவர் உங்கள் தம்பி என்றால் உரிமை அவருக்கு. ‘இந்தக் கட்டுரையோடு வெளியிடச் சம்மதிக்கிறேன்’ என்று அவரிடம் தேதியோடு எழுதி வாங்குங்கள். பணம் கொடுத்துப் புகைப்படக்காரரை அமர்த்தினால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது முதல் உரிமை பணம் கொடுத்தவருக்கு. ஆனாலும் கடிதம் வாங்கிவிடுவது நல்லது. முகம் தெரியும் ஒவ்வொருவரிடமும் சம்மதம் கேளுங்கள். குழந்தை என்றால் பெற்றோரிடம். இணையத்தில் கிடைத்த படம் ஒன்றுகூட வேண்டாம்.

இதழ் உங்களிடம் ஒரு உரிமைப் படிவம் கேட்கலாம். உரிமையை மாற்றித் தருவது எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். காலம் குறிப்பிடவில்லையென்றால் ஐந்து ஆண்டு என்றும், இடம் குறிப்பிடவில்லையென்றால் இந்தியா முழுவதும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். ‘எல்லா உரிமையும் நிரந்தரமாக’ என்ற வரி இருந்தால், ‘ஒரு முறை அச்சில் வெளியிட மட்டும்’ என்று மாற்றித் தரக் கேளுங்கள். கேட்பதில் தவறே இல்லை, பல இதழ்கள் ஒப்புக்கொள்ளும்.

சன்மானம் கட்டுரைக்கா, பக்கத்துக்கா, படத்துக்குத் தனியா என்பதை அனுப்பும் முன்பே கேளுங்கள். சிறிய இதழ்களில் ஓர் இலவசப் பிரதி மட்டும்தான் வரும் என்பதும் உண்டு. பணம் தருவதானால் பெரும்பாலும் வங்கிக் கணக்கு விவரமும் பான் அட்டை நகலும் கேட்பார்கள். நகலின் குறுக்கே எதற்காகக் கொடுக்கிறீர்கள் என்பதையும் தேதியையும் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுங்கள்.

8. புரூஃப் வந்தால் முதலில் பார்க்க வேண்டியவை

அச்சுக்குப் போகும் முன் திருத்துவதற்குக் காட்டும் மாதிரிப் பக்கம்தான் புரூஃப். அதைக் காட்டும்படி முன்கூட்டியே கேட்டு வையுங்கள். வந்தால் ஒரு நாளுக்கு மேல் அவகாசம் கிடைக்காது. எழுத்துப் பிழையைத் தேடும் முன் படங்களைப் பாருங்கள். இடத்துக்காகப் படத்தைக் கண்ணாடிபோல் திருப்பிப் போட்டிருக்கிறார்களா? கத்தி எந்தக் கையில் இருக்கிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும். 3-ஆம் படத்துக்கு 4-ஆம் படத்தின் குறிப்பு போயிருக்கிறதா? ஓரத்தை வெட்டியதில் ஸ்கேலோ முடிச்சோ காணாமல் போயிருக்கிறதா?

பிறகு எழுத்து. எழுத்துரு மாற்றும்போது ‘கொ’, ‘கோ’ போன்றவற்றின் கொம்பும் காலும் பிரிந்துபோவது வழக்கம். தமிழ்ப் பிழையைவிட ஆபத்தானவை எண்கள். வளைய வெட்டுக்கு 3 மி.மீ. என்று அச்சாகிவிட்டால், படித்துச் செய்கிற அத்தனை பேருக்கும் பட்டை மூடிக்கொள்ளும். எல்லா அளவையும் உங்கள் மூலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். திருத்தத்தைத் தொலைபேசியில் சொல்லாமல் எழுத்தில், இடம் குறித்து அனுப்புங்கள்: ‘பக்கம் 34, இரண்டாம் பத்தி, ஏழாம் வரி: 3 மி.மீ. என்பதை 3 செ.மீ. ஆக்கவும்.’